உடங்காட்டுக்கு வசூல்

நான் முதன்முதலாக உடங்காட்டுக்குள் போனது, உயிருக்குப் பயந்து ஓடிப்போனதுதான்.

எனக்குக் காரியாபட்டிப் பக்கம். கல்யாணமாகி நாரணாபுரத்தை அடுத்த இந்த ஊருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே வடக்கே இருந்த பட்டாசு கம்பெனியில் லேபிள் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரரும் அதே கம்பெனியில்தான், லாரியில் லோடு ஏற்றுகிற பிரிவில் இருந்தார். கம்பெனி மதிலுக்கு மேற்கே உடைமரங்கள் குடை விரித்ததுபோல வரிசை வரிசையாக நிற்கும். இடையிடையே வேம்பு, இலந்தை, மஞ்சணத்தி. ஆடு மேய்க்கிறவர்களும் விறகு பொறுக்குகிறவர்களும் உள்ளே போவார்கள். எனக்குப் போகவேண்டிய தேவை வந்ததில்லை. ஊருக்குள் அதை உடங்காடு என்பார்கள். வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால் முள்ளுக்காடு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரம் முடிந்து உட்கார்ந்த சமயம், மருந்து கலக்குகிற அறை வெடித்தது. சத்தத்தைக் காதால் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. தரை என்னைத் தூக்கிப் போட்டதுதான் ஞாபகம். யாரோ ஒரு பெண் "மேக்க ஓடுங்க, மேக்க ஓடுங்க!" என்று கத்தினாள். மேற்குப் பக்கத்து இரும்புக் கதவு திறந்திருந்தது. அதன் வழியாக எல்லோரும் காட்டுக்குள் ஓடினோம். பின்னால் ஒவ்வொரு அறையாக வெடித்துக்கொண்டிருந்தது. தூர் பருத்த ஒரு வேம்புக்குப் பின்னால் முகத்தை மண்ணில் பதித்துக் கிடந்தேன். ஓடு, கல், தகரம் எல்லாம் மரங்களின் மேல் விழுந்து, கிளைகளில் தட்டித் தட்டிக் கீழே இறங்கின. செருப்பில்லாமல் முள்ளில் ஓடியிருக்கிறேன் என்பது சாயங்காலம் அவர் என் காலைப் பார்த்துக் கேட்டபோதுதான் தெரிந்தது.

இரண்டு பேர் வரவில்லை. அவர்களைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் வீட்டார் இன்றும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள்.

அதற்கப்புறம் நான் வேலைக்குப் போகவில்லை. தையல் கற்றுக்கொண்டு வீட்டு முன்னறையில் ஒரு மிஷினைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் மட்டும் போய்வந்தார். வேறு வேலை தெரியாது என்றார். உண்மைதான், இங்கே வேறு வேலையும் கிடையாது. காலை அவர் சைக்கிளை எடுத்ததிலிருந்து சாயங்காலம் அது திரும்பி வந்து சுவரில் சாய்கிற வரைக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ரோட்டில் லாரி டயர் வெடித்தால் மிஷினுக்கு அடியில் போய்விடுவேன். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர்கள் முன்னாலும் அப்படிப் போயிருக்கிறேன். இதை எழுதுகிற ஆள் எப்படிப்பட்டவள் என்று படிப்பவர்களுக்குத் தெரியவேண்டும். அதற்காகத்தான் சொல்கிறேன்.

வருடங்கள் கழிந்தன. நான் எங்கள் தெரு மகளிர் குழுவுக்குத் தலைவியானேன். அந்தச் சமயத்தில்தான் காடு விலைக்கு வருகிறது என்ற பேச்சு எழுந்தது.

காடு பட்டா நிலம். ஒரு பெரிய வீட்டுக்காரருடையது. அவர் இருந்தவரைக்கும் ஒரு மரத்தை வெட்ட விட்டதில்லை. அவர் காலமான பிறகு, மேற்கு ரோட்டோரமாக இருந்த பாதி மகனுக்கும், கம்பெனி மதிலை ஒட்டிய பாதி கோயமுத்தூரில் இருக்கிற மகளுக்கும் பாகமானது. மகன் தன் பங்கைக் கம்பெனிக்குப் பேசி முடித்துவிட்டார். புதிதாக அறைகள் கட்டப்போகிறார்கள், மகளுடைய பங்கையும் கேட்கிறார்கள் என்றார்கள்.

கால்நடை டாக்டர் ஒருவர் எங்கள் பகுதியில் நெடுங்காலம் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் கூப்பிட்டால் ஆடு மாட்டுக்கு வைத்தியம் பார்க்க வருவார். அந்தக் காட்டுக்குள் நடந்து நடந்து பறவைகளைப் படம் பிடித்து வைத்திருந்தார். அவர் கோயமுத்தூருக்கே போய் அந்த அம்மாவைப் பார்த்துப் பேசிவிட்டு வந்து, ஒருநாள் என் தையல் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார்.

"ஒரு டிரஸ்ட் பதிவு பண்ணி, பொதுமக்கள்ட்ட வசூல் பண்ணி, அந்தம்மா பங்க வாங்கிருவோம்னு பாக்கோம். வாங்கிட்டா அப்புறம் யாரும் விக்க முடியாது, வெட்டவும் முடியாது. பத்திரத்துலயே எழுதிருவோம். சிவகாசி, சாத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச மூணு பேர் இருக்காக. ஊருக்குள்ள இருந்து ஒராள் வேணும். நீங்க வர்றீகளாம்மா?"

"நானா? எனக்கு நாலு பேருக்கு முன்னாடி பேசவே வராதுய்யா."

"பேச வேண்டாம். ஒங்க கையில குடுத்தா பணம் பத்திரமா இருக்கும்னு பொம்பளைக சொல்றாக. அது போதும்."

ஏன் சரி என்று சொன்னேன்? மரத்தின் மேல் பிரியம் என்று சொன்னால் பொய். புது அறைகள் வந்து காடு போய்விட்டால், இன்னொரு நாள் என் வீட்டுக்காரர் எந்தப் பக்கம் ஓடுவார் என்றுதான் நினைத்தேன். கிழக்கே முன்வாசல் ரோடு வரைக்கும் குடோன்கள். தெற்கே மருந்து அறைகள். வடக்கே வெட்டவெளி. வெட்டவெளியில் ஓடுகிறவன் தலையில் என்னென்ன விழும் என்று எனக்குத் தெரியும்.

பங்குனியில் கோயமுத்தூர் அம்மா வந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காட்டுக்குள் எங்களோடு நடந்தார். முள்ளில் மாட்டிய முந்தானையை நான் எடுத்துவிட்டேன்.

"எங்க அப்பாவுக்கு இதுதான் உயிர். ஒங்களுக்குக் குடுக்கத்தான் எனக்கு ஆசை" என்றார். "ஆனா சும்மா குடுக்க முடியாது. எனக்கும் பிள்ளைக இருக்கு, மருமகன் இருக்காரு. கம்பெனி குடுக்கிற வெலைய நீங்களும் குடுக்கணும். ஆவணி முடியுற வரைக்கும் நான் காத்திருக்கேன். அதுக்கு மேல என்னால தம்பிக்குப் பதில் சொல்ல முடியாது."

அக்ரிமெண்ட் போட்டோம். ஆவணிக்குள் பத்திரம் முடிக்காவிட்டால் கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வராது. அந்த அட்வான்ஸில் பெரும்பகுதி எங்கள் குழுப் பெண்களுடையது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தேன், இறங்கவில்லை. என் பயத்தோடு அத்தனை வீட்டுக்காரர்களின் பயத்தையும் நானே வாங்கி மடியில் கட்டிக்கொண்டது மாதிரி இருந்தது.

சனிக்கிழமை சம்பள நாள். கம்பெனி வேன்கள் வந்து நிற்கிற முக்கில் நானும் குழுவில் இரண்டு பேரும் ரசீதுப் புத்தகத்தோடு நிற்போம். முதல் சனிக்கிழமை வாய் திறக்க முடியவில்லை. தண்ணீர் குடித்துக் குடித்துப் பார்த்தேன். கடைசியில் என்னோடு அன்றைக்கு ஓடி வந்த ஒரு பெண் அவளாகவே வந்து நின்றாள்.

"எதுக்குக்கா ரசீது? அன்னைக்கு என் மக வயித்துல இருந்தா. அந்த எலந்தை மரத்தடியிலதான் கெடந்தேன். இந்தா, வச்சுக்கோ" என்று நோட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். அதைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள்.

எல்லோரும் அப்படியில்லை. இளவயதுப் பெண் ஒருத்தி என் முகத்துக்கு நேராகக் கேட்டாள். "புது அறை கட்டுனா எங்க அண்ணனுக்கு வேல கெடைக்கும்க்கா. அத ஏன் கெடுக்கப் பாக்கீக? மரத்தையா திங்க முடியும்?"

அவள் கேட்டதில் தப்பில்லை. இப்போதும் அவளுக்குச் சொல்ல என்னிடம் முழுப் பதில் இல்லை.

டாக்டர் என்னைப் பல இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற ஒரு மொதலாளி அவருக்குத் தெரிந்தவர். ஏசி போட்ட அறை. உட்காரச் சொன்ன நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். டாக்டர் பறவைப் படங்களைக் காட்டினார், அந்தக் காடு இருப்பதால்தான் ஊர்க் கிணறுகளில் ஊற்று என்றார். மொதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலயேம்மா?"

"ஓடுறதுக்கு ஒரு எடம் வேணுங்கய்யா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அந்தக் கம்பெனிக்குப் பெட்டி அட்டை, லேபிள் எல்லாம் நாந்தான் அடிச்சுக் குடுக்கேன். நான் ஒங்களுக்குப் பணம் குடுத்தேன்னு தெரிஞ்சா அடுத்த சீசன் ஆர்டர் வராது. ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீக" என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. இத்தனை பெரிய ஆளும் என்னை மாதிரியே பயப்படுகிறாரே என்று நினைத்தேன். அது ஆறுதலாக இல்லை. இன்னும் பயமாகத்தான் இருந்தது.

வைகாசி கடைசியில் நிலத் தரகர் என் கடைக்கு வந்தார். அந்த நிலத்தைக் கம்பெனிக்குப் பேசி முடித்துக் கொடுக்கிறவர் அவர்தான் என்று ஊருக்கே தெரியும். கையில் ஜாக்கெட் துணியும் அளவு ஜாக்கெட்டும் இருந்தன.

"நல்லாருக்கீகளா மதினி? வீட்டுல கொண்டுபோய்க் குடுக்கச் சொன்னா. கழுத்து மட்டும் இதைவிடக் கொஞ்சம் எறக்கமா வேணுமாம்."

வாங்கி அளந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"காட்டுக்கு வசூல் பண்றீகளாமே?"

"ஆமாண்ணே."

"நல்ல காரியம். மரஞ்செடி இருந்தாத்தான மளை." பிறகு மேலே கை காட்டினார். "இந்த வயரெல்லாம் எப்பப் போட்டது மதினி? ரொம்பப் பழசா இருக்கே. துணி கெடக்குற எடம். ஒரு பொறி விளுந்தாப் போதும், அம்புட்டும் போயிரும். பாத்துக்கோங்க."

"சரிண்ணே."

"அண்ணன் இன்னும் லோடு ஏத்துற எடத்துலதான இருக்காக? சூதானமா இருக்கச் சொல்லுங்க. வெயில் ஒரேயடியா அடிக்கு. எப்பத் தருவீக?"

"புதன்கெழமை வாங்கண்ணே."

அவர் போன பிறகு கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். வெட்ட முடியவில்லை. அந்த ஜாக்கெட்டை நான் தைத்துப் பிரித்து, திரும்பவும் தைத்தேன். புதன்கிழமை வந்தார். உதறிப் பார்த்து, "தையல் நல்லாருக்கு" என்றார். கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் என்னை மிரட்டினாரா, அக்கறையாகத்தான் சொன்னாரா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. மறுநாளே எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்து வயரை எல்லாம் மாற்றினேன். மாற்றிய பிறகும் படுக்கப் போகுமுன் சுவிட்சுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

என் வீட்டுக்காரரிடம் இதை நான் சொல்லவில்லை. ஆனால் ஆடி பிறந்ததும் அவரே ஒருநாள் நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்தார்.

"மேனேசர் கூப்புட்டாரு" என்றார்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. 'ஒங்க வீட்டம்மா பெரிய ஆளாயிட்டாகளாமே'ன்னாரு. சிரிச்சாரு. அவ்வளவுதான்."

அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. போட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை என்றிருக்கும்.

"நிறுத்திரு புள்ள" என்றார் மெதுவாக. "நமக்கு எதுக்கு இது? வாங்குன பணத்த அவுகவுகட்டத் திருப்பிக் குடுத்திருவோம். அட்வான்ஸ்ல போறது போகட்டும். வெளிய எங்கயாச்சும் கடன் வாங்கியாவது குடுத்திருவோம்."

சரி என்றேன். உண்மையில், அவர் சொன்னதும் எனக்குள் ஏதோ இளகியது. இனிமேல் யார் முன்னாலும் போய் நிற்க வேண்டாம், எந்த மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் தலை தூக்கிப் பார்க்க வேண்டாம். அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை டாக்டர் எங்கள் ஊர் ஊருணிக் கரையில் ஆடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். விலகிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் அங்கே போனேன். அவர் ஒரு கிடாயைக் காலிடுக்கில் பிடித்திருந்தார். "இருங்கம்மா, இத முடிச்சிட்டு வாரேன்" என்றார். நான் சொல்லவேண்டியதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றேன். அப்போது ஆடு பிடித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி வடக்கே பார்த்து, "அங்கன என்ன அது?" என்றாள்.

உடங்காட்டின் மேற்கு ஓரத்திலிருந்து புகை எழுந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது படுத்து, கிழக்கே சாய்ந்து நீண்டது. ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. காட்டுக்குக் கிழக்கே கம்பெனி மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் தீபாவளிச் சரக்கு நிறைந்த குடோன். என் வீட்டுக்காரர் அதற்குப் பக்கத்தில்தான் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருப்பார்.

எல்லோரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை. கால் வரவில்லை. டாக்டர் போனில் தீயணைப்பு நிலையத்துக்குக் கத்திக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். ஆடுகள் என்னைச் சுற்றிக் கத்தின. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. எங்கள் குழுவில் ஒருத்தி திரும்பி ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாக்கா! நின்னு என்ன செய்ய? ஒடிச்சு அடிக்கணும், வா!"

இழுத்த இழுப்பில்தான் போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவே அங்கே இருந்தது. காய்ந்த புல் சரசரவென்று எரிந்து நகர்ந்தது. உடைமரத்தின் அடிச் சருகு பிடித்து, முள் வெடித்தது. அந்த முள் வெடிக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் என் உடம்பு துள்ளியது. வேம்புக் கிளைகளை ஒடித்துப் புல்லை அடித்தோம். அடித்த இடத்தில் அணையும், பக்கத்தில் எழும்பும். புகையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. முயல் ஒன்று என் காலில் முட்டிவிட்டு ஓடியது.

மதிலின் இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நிற்பது தெரிந்தது. கம்பெனிக்காரர்கள். கதவு திறந்திருந்தது. ஆனால் அவர்கள் வெளியே வரவில்லை. எங்கே வருவார்கள்? அவர்கள் ஓடிவர வேண்டிய இடம்தான் எரிந்துகொண்டிருந்தது. முன் வாசலுக்குப் போகவேண்டுமானால் குடோனைத் தாண்டிப் போகவேண்டும். அந்தக் கூட்டத்தில் அவரைத் தேடினேன். தெரியவில்லை. அவர் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. அன்றைக்குப் பெயர் சொல்லிக் கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் கதவுக்குள்ளிருந்து சிலர் நனைத்த சாக்குகளோடு இந்தப் பக்கம் வந்தார்கள். அவரும் வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். எனக்குப் பக்கத்தில் வந்து சாக்கால் அடிக்க ஆரம்பித்தார். காட்டுக்கு நடுவே தெற்கு வடக்காக ஒரு பழைய வண்டிப்பாதை ஓடுகிறது. தீ அதைத் தாண்டக்கூடாது என்று எல்லோரும் அந்தப் பாதையில் வரிசையாக நின்றோம். இரண்டு இடத்தில் தாண்டியது. அடித்து அணைத்தோம். தீயணைப்பு வண்டி வந்து தண்ணீரைப் பீச்சியபோது என் கையிலிருந்த கிளையில் ஓர் இலையும் இல்லை.

பாதைக்கு மேற்கே கரியாகிவிட்டது. கிழக்கே, மதிலை ஒட்டிய பகுதி பெரும்பாலும் தப்பியது. தீ எப்படிப் பிடித்தது என்று போலீஸ் விசாரித்தது. பீடித்துண்டு என்றார்கள் சிலர். யாரோ வைத்தது என்றார்கள் சிலர். ஒன்றும் நிரூபணமாகவில்லை. நான் யார் மேலும் பழி சொல்லத் தயாராக இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் கை கால் கழுவிவிட்டு, அடுப்படி வாசலில் வந்து நின்றார். புருவத்தில் பாதி பொசுங்கியிருந்தது.

"டாக்டர்ட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. சொல்றதுக்குள்ள..."

"சொல்லாத" என்றார். "கதவுகிட்ட நாங்க நின்னோம்லா. அம்புட்டுப் பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு நின்னோம். எங்க போறதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல." அவருக்குக் குரல் உடைந்தது. "வேல போனா போகட்டும் புள்ள."

வேலை போகவில்லை. மேனேஜர் அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவேயில்லை என்றார். அன்றைக்கு அந்தக் கதவருகே மேனேஜரும்தான் நின்றாராம்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து முக்கில் நாங்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை. வேனிலிருந்து இறங்கி நேராக வந்தார்கள். சாத்தூர்ப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள்கூட யார் மூலமோ கேள்விப்பட்டுக் கொடுத்துவிட்டார்கள். காலண்டர் மொதலாளி ஒருநாள் தன் டிரைவரிடம் ஒரு கவரைக் கொடுத்தனுப்பினார். ரசீதில் என்ன பெயர் போட என்று கேட்டதற்கு, "ஊர்க்காரர்னு போட்டுக்கிடச் சொன்னாக" என்றார் டிரைவர். டாக்டரின் முயற்சியில் மதுரையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கொஞ்சம் வந்தது. அப்படியும் போதவில்லை. ஆவணி பாதியாகிவிட்டது. எனக்கு வாய்ப்புண் வந்து, கஞ்சிதான் குடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கோயமுத்தூர் அம்மாவிடம் உண்மையைச் சொன்னார். அவர் நிறைய நேரம் யோசித்துவிட்டு, "இருக்கிற பணத்துக்கு எம்புட்டு வருமோ அம்புட்டு நெலத்த அளந்து எழுதிக்கோங்க. அட்வான்ஸையும் அதுல களிச்சுக்கோங்க. மிச்சத்த கம்பெனிக்குக் குடுத்திருதேன். என்னால முடிஞ்சது அதுதான்" என்றாராம். சர்வேயர் வந்து கல் ஊன்றினார். மதிலை ஒட்டிய பகுதி எங்களுக்கு வந்தது. தெற்கோரத்தில் ஓடையும் மஞ்சணத்திக் கூட்டமும் இருந்த இடம் போனது. டாக்டர் அந்த ஓடைக்கரையில் தனியாகப் போய் நின்றுவிட்டு வந்தார்.

பத்திரப் பதிவு ஆவணியின் கடைசி முகூர்த்த நாளில். என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு என்னைக் கூட்டாளியின் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு சிவகாசிக்குப் போனார். வழி நெடுக ஒரு மோட்டார் சைக்கிள் எங்கள் பின்னால் வந்துகொண்டே இருந்தது. இரண்டு பேர் இருந்தார்கள். "மெதுவா போங்க, தாண்டிப் போகட்டும்" என்றேன். நாங்கள் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. அவருடைய சட்டையை முதுகில் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். பதிவு ஆபீஸ் வாசலில் அவர்களும் நிறுத்தினார்கள். கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குள் போய்விட்டார்கள்.

உள்ளே பெஞ்சில் தரகர் உட்கார்ந்திருந்தார். பத்திரம் முடிக்கிற தரகர் அங்கே இருப்பதில் ஒன்றும் ஆச்சரியமில்லை. இருந்தாலும் நான் டாக்டருக்குப் பின்னால் ஒதுங்கினேன். "வாங்க மதினி, டீ சொல்லவா?" என்றார். வேண்டாம் என்றேன்.

கோயமுத்தூர் அம்மா வரவில்லை. பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர், டோக்கன் நம்பர் கூப்பிட்டும் வரவில்லை. போன் போட்டால் வேறு ஆளோடு பேசிக்கொண்டிருப்பதாக வந்தது. டாக்டர் உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்தார். வங்கி டி.டி. இருந்த பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அந்த அம்மாவின் தம்பி தடுத்துவிட்டார், எல்லாம் போச்சு, அந்தப் பெண்களுக்கு என்ன சொல்லப்போகிறேன் என்று ஒவ்வொருத்தி முகமாக எனக்கு வந்து போனது. ஒவ்வொரு காருக்கும் வாசலைப் பார்த்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு ஆபீஸ் எழப்போகிற நேரத்தில் அந்த அம்மா வந்தார். கண் சிவந்திருந்தது.

"தம்பி வளி நெடுக போன்லயே புடிச்சுக்கிட்டான்" என்றார் என்னிடம். "முழுசையும் கம்பெனிக்குத்தான் குடுக்கணுமாம். இனி எம் மூஞ்சில முழிக்காதன்னு சொல்லிட்டான்." கட்டைவிரலை மையில் ஒற்றி, கையெழுத்துப் போட்டார். போடும்போது அந்த அம்மாவின் கை ஆடியது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இத்தனை நாள் என் பயத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிடித்துக்கொண்டேன்.

மேற்கு ரோட்டோரப் பாதியில் ஐப்பசி முடிந்ததும் ஜேசிபி இறங்கியது. எரிந்து நின்ற மரங்களையும் எரியாத மரங்களையும் சேர்த்துத் தள்ளினார்கள். அந்த வாரம் முழுக்க மயில்கள் எங்கள் தெருவில் திரிந்தன, வீட்டுக் கூரைகளில் உட்கார்ந்து அகவின. அறைகள் எழும்பிவிட்டன. மரத்தையா திங்க முடியும் என்று கேட்ட பெண்ணின் அண்ணன் அங்கேதான் போகிறான். அவன் சைக்கிளில் போவதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமும் வருகிறது, சாயங்காலம் திரும்பி வருகிறானா என்றும் பார்க்கிறேன்.

வாங்கிய பகுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பெண்கள் போய், முளைத்திருக்கிற சீமைக்கருவேலங் கன்றுகளைப் பிடுங்குவோம். போன மாதம் ஒருநாள், விழுந்து கிடந்த கட்டைகளைப் புரட்டலாம் என்று ஒருத்தி கடப்பாரையைக் கொடுத்தாள். நான்தான் நெம்பினேன். அடியிலிருந்து நல்லபாம்பு ஒன்று எழுந்து, படம் விரித்து நின்றது. கடப்பாரையைப் போட்டுவிட்டு நான் ஓடிய ஓட்டத்தில் எனக்கு முன்னால் ஓடியவர்களை எல்லாம் தாண்டிவிட்டேன். பாதையில் போய் நின்று மூச்சு வாங்கினோம். ஒருத்தி டாக்டருக்குப் போன் போட்டு, பாம்பு என்றாள். எப்போதும்போல அவர், "படம் எடுத்தீகளா?" என்று கேட்டார்.

"நாங்க எங்கய்யா எடுத்தோம்? அதுதான் எடுத்துச்சு!" என்று அவள் கத்த, எல்லோரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கட்டைக் குவியலை அப்படியே விட்டுவிட்டு, வேறு பக்கம் போய்ப் பிடுங்கினோம்.